பட்டியலில் இல்லாத கேலக்ஸி

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1904 தொடங்கி 2020 வரை கையால் வரைந்து சேர்த்த சூரியப் படங்கள் இருக்கின்றன. அட்சரேகையும் தீர்க்கரேகையும் கட்டம் கட்டிய வட்டம் அச்சிட்ட தாள். அந்த வட்டத்துக்குள் அன்றைய சூரியனின் முகம்: கரும்புள்ளிகள், அவற்றைச் சுற்றிப் படர்ந்த வெளிச்சத் திட்டுகள், வட்டின் குறுக்கே ஓடும் கருநிற இழைகள், விளிம்பில் எழும் தழல்கள். வெவ்வேறு வகைக்கு வெவ்வேறு வண்ணம். ஆய்வாளர்கள் இவற்றை ‘சன்சார்ட்’ என்கிறார்கள்.

1899இல் தொடங்கப்பட்ட இந்த ஆய்வகம், பழனி மலையில் 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கரும்புள்ளிகளின் மையத்திலிருந்து வாயு நாலாபக்கமும் வெளியே பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டறிந்தது இங்கேதான். நூறு ஆண்டுகளாகத் தகடுகளிலும் பிலிமிலும் எடுத்த இதன் சூரியப் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆனாலும் எனக்கு அந்த வரைதாள்கள்மேல் தனி மதிப்பு உண்டு. ஒளிப்படத் தகடு தன்மேல் விழுந்த ஒளியை எல்லாம் வாங்கிக்கொள்ளும். எது என்ன என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. வரைகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு கரிய இழை நடுவில் அறுந்து, சற்றுத் தள்ளி மறுபடி தொடர்கிறது. அது ஒன்றா, இரண்டா? ஓரம் மங்கிக்கொண்டே போகிறது. எந்த இடத்தில் கையை நிறுத்துவது? தாளில் மை படுவதற்கு முன் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இழைக்கும் தழலுக்கும் உள்ள உறவைப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். இரண்டும் ஒரே பொருள்தான்: காந்தப்புலம் தாங்கிப்பிடித்திருக்கும், சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த வாயு. வட்டின்மேல் இருக்கும்போது பின்னாலுள்ள பிரகாசத்தை மறைத்துக் கருப்பாகத் தெரிகிறது. சூரியன் சுழன்று அதை விளிம்புக்குக் கொண்டுபோனதும், இருண்ட வானத்தின் முன்னால் ஒளிர்கிறது. பார்க்கும் கோணம் மாறியதும் தாளில் பெயரே மாறிவிடுகிறது.

2023இல் இந்தியாவைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று இந்தத் தாள்களை ஸ்கேன் செய்து, கரும்புள்ளிகள் பெருகிக் குறையும் 19, 20ஆம் சூரியச் சுழற்சிகளின் இழைகளைக் கணினியைக் கொண்டே பிரித்தெடுத்து வெளியிட்டது. அவர்கள் கையாண்டது ‘கே-மீன்ஸ்’ என்ற திரட்டல் முறை. தாளின் ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் எண்களாக்கி, ஒத்த வண்ணங்களை ஒரே குவியலில் சேர்ப்பது, ஒவ்வொரு குவியலுக்கும் சராசரி வண்ணம் காண்பது, அந்தச் சராசரிக்கு எந்தப் புள்ளி நெருக்கம் என்று பார்த்து மறுபடி பிரிப்பது, குவியல்கள் அசையாமல் நிற்கும்வரை இதையே திரும்பச் செய்வது. மொத்தம் எத்தனை குவியல் என்பதை மட்டும் மனிதர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இப்படிக் கிடைத்த இழைகளின் இடம், சாய்வு, நீளம், பரப்பு எல்லாவற்றையும் அளந்து, அதே காலத்து ஒளிப்படத் தகடுகளோடு ஒப்பிட்டார்கள். நன்றாகவே பொருந்தியது. முடிவைச் சரிபார்க்க இரண்டாவது சாட்சி ஒன்று அதே ஆய்வகத்தில் இருந்தது பெரிய வசதி.

கணினிக்குள் ஒரு பிரபஞ்சத்தையே வளர்த்துவைத்து, அதற்குள் விண்மீன் மண்டலங்களை, அதாவது கேலக்ஸிகளைத் தேடுகிறவர்களுக்கு அப்படிப்பட்ட இரண்டாவது சாட்சி கிடையாது. கேள்வி மட்டும் அதேதான்: எது ஒன்று, அது எங்கே முடிகிறது?

இந்தக் கேள்வி ஆரம்பத்தில் எழவே இல்லை. 1941இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக் ஹோம்பெர்க், இரண்டு கேலக்ஸிகள் ஒன்றையொன்று கடந்துபோனால் என்ன ஆகும் என்று கணக்கிட விரும்பினார். கணினி இல்லாத காலம். ஒரு கேலக்ஸிக்கு 37 என்று 74 மின்விளக்குகளை மேசையில் பரப்பினார். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகும், ஈர்ப்பும் அப்படியே. ஆகவே ஒவ்வொரு விளக்கின் இடத்திலும் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அளந்து, அதையே ஈர்ப்பு விசையாகக் கொண்டு விளக்குகளைப் படிப்படியாக நகர்த்தினார். எந்த விளக்கு எந்தக் கேலக்ஸி என்பது அவருக்கு முதலிலேயே தெரியும், அவரே வைத்ததுதானே.

1985இல் மார்க் டேவிஸ், ஜார்ஜ் எஃப்ஸ்டாதியு, கார்லோஸ் ஃபிரெங்க், சைமன் ஒயிட் நால்வரும் வெளியிட்ட கணினி சிமுலேஷனில் நிலைமை தலைகீழ். 32,768 துகள்களை ஏறக்குறைய ஒரே சீராகப் பரப்பிவிட்டு, ஈர்ப்பின் போக்கில் விட்டார்கள். கட்டிகள் தாமாக உருவாயின. யாரும் வைக்காததை யாராவது தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற நிலை அப்போது வந்தது.

அதன் பிறகு துகள்களின் எண்ணிக்கை எகிறியது. இந்தியாவிலும் ஜஸ்ஜீத் பக்லா 2002இல் ‘ட்ரீ-பிஎம்’ என்ற ஈர்ப்புக் கணக்கு நிரலை வெளியிட்டார். அருகிலுள்ள துகள்களின் இழுப்பை ஒரு முறையிலும் தொலைவிலுள்ளவற்றின் இழுப்பை வேறொரு முறையிலும் கணக்கிட்டு நேரத்தை மிச்சப்படுத்தும் வழி அது. 2005இல் வெளிவந்த மில்லேனியம் சிமுலேஷனில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட துகள்கள். பெட்டியின் ஒரு பக்கம் 200 கோடி ஒளியாண்டுகளுக்கு மேல். ஒரு துகள் என்பது ஒரு நட்சத்திரம்கூட இல்லை. நூறு கோடிக்கும் மேற்பட்ட சூரியன்களின் நிறையுள்ள, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் பொட்டலம்.

இந்த சிமுலேஷன் கடைசியில் தருவது என்ன? எண்களின் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு துகளின் அடையாள எண், அது இருக்கும் இடத்துக்கு மூன்று எண்கள், அதன் வேகத்துக்கு மூன்று எண்கள். இப்படி ஆயிரம் கோடி வரிகள்; பிரபஞ்சத்தின் 64 வெவ்வேறு வயதுகளுக்கு 64 பட்டியல்கள். அதில் கேலக்ஸி என்றொரு பத்தி கிடையாது. செய்திகளில் நாம் பார்க்கும் அழகிய வலைப்பின்னல் படமும் இந்த எண்களுக்குப் பின்னால் போட்ட வண்ணம்தான். ‘இந்தப் பெட்டியில் இத்தனை கேலக்ஸிகள்’ என்று யாராவது சொன்னால், இடையில் ஒரு நிரல் வேலை செய்து எல்லைக்கோடு கிழித்திருக்கிறது என்று பொருள்.

அந்தக் கோடுகளில் பழைய, எளிய ஒன்று ‘நண்பனின் நண்பன்’ முறை. வானில் உண்மையிலேயே காணும் கேலக்ஸிக் கூட்டங்களைப் பிரிக்க ஜான் ஹுக்ராவும் மார்கரெட் கெல்லரும் 1982இல் இதைப் பயன்படுத்தினார்கள். குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் இரண்டு துகள்கள் நண்பர்கள். நண்பனின் நண்பனும் நண்பன். இந்தச் சங்கிலி எட்டும் வரை உள்ள அனைத்தும் ஒரே குழு. அவ்வளவுதான் விதி.

பழனி மலையின் மேல்தளத்தைத் தெரிந்தவர்களுக்கு இதை அங்கேயே காட்டிவிடலாம். புல்வெளி விரிந்து கிடக்கிறது. நீர் ஓடும் மடிப்புகளில் மட்டும் சோலைகள். ‘இங்கே எத்தனை சோலை?’ என்று எண்ணச் சொல்கிறார்கள். ஒரு மரத்தடியில் நில்லுங்கள். இருபது மீட்டருக்குள் இன்னொரு மரம் இருந்தால் அதுவும் இந்தச் சோலையைச் சேர்ந்தது. அங்கிருந்து மறுபடி இருபது மீட்டர். இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் சோலையின் ஓரத்தில் புல்வெளி வந்து உங்களை நிறுத்தும். ஆனால் சோலையிலிருந்து இறங்கும் ஓடையின் கரையில் ஒற்றை வரிசையாக மரங்கள் நிற்கின்றன. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த மடிப்பிலுள்ள சோலைக்கே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். விதிப்படி இரண்டும் ஒன்று! இதைத் தவிர்க்க இருபதை ஐந்தாகக் குறைத்தால், ஒரே சோலை நடுவிலுள்ள சிறு இடைவெளிகளால் நாலைந்தாக உடைகிறது. இதோடு, புல்வெளியில் நட்டும் தானாகப் பரவியும் நிற்கும் வாட்டில், பைன் மரங்களும் குறுக்கிடுகின்றன. தூரத்தை மட்டும் பார்க்கும் விதிக்கு வாட்டிலும் சோலை மரமும் ஒன்றுதான். இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. செயற்கைக்கோள் படங்களில் இவற்றை எல்லாம் கவனமாகப் பிரித்துப் பார்த்த பிறகே, 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு ஒன்று காட்ட முடிந்தது.

சிமுலேஷனில் அந்த ‘இருபது மீட்டர்’ எவ்வளவு? துகள்களுக்கு இடையிலான சராசரி இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு. மில்லேனியம் பெட்டியில் இது சுமார் 2 லட்சம் ஒளியாண்டு. இந்த அளவை வைத்தால், கிடைக்கும் குழுக்களின் உள்ளடர்த்தி பிரபஞ்சச் சராசரியைப் போல் ஏறக்குறைய 180 மடங்கு வருகிறது. தன் ஈர்ப்பிலேயே சரிந்து நிலைபெற்ற ஒரு கோளத்துக்குக் கோட்பாடு சொல்லும் அடர்த்தியும் அதற்கு அருகில்தான். ஆக, இந்த எண் முற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததில்லை. ஆனாலும் இயற்கை அதைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. இப்படிக் கிடைக்கும் கரும்பொருள் கட்டிக்கு ஹாலோ என்று பெயர். கேலக்ஸிகள் இதன் நடுவில்தான் பிறக்கின்றன.

ஓடைக்கரை மரங்களைப் போன்ற பாலங்கள் இங்கேயும் உண்டு. இன்னும் மோதாத இரண்டு பெரிய ஹாலோக்களை மெல்லிய துகள்சரம் இணைத்துவிட்டால், நிரல் அவற்றை ஒரே பெரிய ஹாலோவாக எழுதிவிடும். இதைச் சின்னப் பிழை என்று தள்ளிவிட முடியாது. பிரபஞ்சத்தில் மொத்தம் எவ்வளவு பொருள் இருக்கிறது, அது எவ்வளவு கட்டிதட்டியிருக்கிறது என்பதை அறிய, மிகப் பெரிய கேலக்ஸிக் கொத்துகள் எத்தனை என்று வானில் எண்ணி, சிமுலேஷன் தரும் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது ஒரு முக்கிய வழி. கோடு கிழிக்கும் விதி தவறினால், பிரபஞ்சத்தைப் பற்றிய முடிவே தவறிவிடும்.

ஒரு பெரிய ஹாலோவுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ஹாலோக்கள் விழுந்து சுற்றிக்கொண்டிருக்கும். நம் பால்வெளியைச் சுற்றும் மெகல்லன் மேகங்களைப் போன்ற துணைக் கேலக்ஸிகள் இருப்பது இவற்றில்தான். நண்பனின் நண்பன் முறைக்கு இவை தெரியாது. எல்லாவற்றையும் ஒரே குழுவாக விழுங்கிவிடும். 2001இல் ஃபோல்கர் ஸ்பிரிங்கலும் கூட்டாளிகளும் கொண்டுவந்த ‘சப்ஃபைண்ட்’ இதற்கு விடை. குழுவிலுள்ள துகள்களை அடர்த்தி வரிசையில் அடுக்கி, மிக அடர்ந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வரவேண்டும். தனித்தனியாக வளரும் இரண்டு கட்டிகள் ஏதோ ஓர் இடத்தில் தொட்டுக்கொள்ளும். தொட்ட அந்தக் கணத்தில் சிறியதைத் தனி உறுப்பினராகக் குறித்துவைக்க வேண்டும். அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த படி. அப்படிக் குறித்த கட்டியின் ஒவ்வொரு துகளையும் எடுத்து, அதன் வேகத்தைப் பார்க்கிறார்கள். கட்டியின் ஈர்ப்பை மீறி ஓடிவிடும் வேகம் இருந்தால் அது வழிப்போக்கன், பெயரை அடித்துவிடுகிறார்கள். கடைசியில் 20 துகள்களாவது மிஞ்சினால்தான் மில்லேனியம் பட்டியலில் இடம். முதல் முறை ‘எங்கே இருக்கிறாய்?’ என்று மட்டும் கேட்டது. இது ‘இங்கேயே இருக்கப்போகிறாயா?’ என்றும் கேட்கிறது. இயற்பியல் உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

இதிலும் ஓட்டை இருந்தது. சிறு ஹாலோ ஒன்று பெரியதன் மையத்தை நெருங்கும்போது சுற்றுப்புறத்தின் அடர்த்தியே மிக அதிகம். அந்த வெள்ளத்தில் சிறியதன் மேடு தெரிவதில்லை. 2011இல் ஸ்டூவர்ட் மல்ட்ரூ, ஃபிரேசர் பியர்ஸ், கிறிஸ் பவர் மூவரும் இதைச் சோதித்தார்கள். ஒரே சிறு ஹாலோவைப் பெரிய ஹாலோவுக்குள் வெவ்வேறு தூரங்களில் வைத்து சப்ஃபைண்டை ஓடவிட்டார்கள். மையத்தை நெருங்க நெருங்க, நிரல் கண்டெடுத்த நிறை குறைந்துகொண்டே போனது. ஹாலோ மாறவே இல்லை. ஆனால் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு, அது உள்ளே போகும்போது இளைத்து, வெளியே வரும்போது மறுபடி பருப்பதாகத் தெரியும். சில சமயம் அடியோடு காணாமல் போய்விடும். ஹாலோ காணாமல் போனாலும் அதற்குள் பிறந்த நட்சத்திரங்கள் அவ்வளவு சீக்கிரம் சிதறாது என்பதால், ஹாலோ இழந்த கேலக்ஸியைக் கணக்கில் விடாமல் தொடர்வது வழக்கம். அவற்றுக்கு ‘அனாதைக் கேலக்ஸி’ என்று பெயர். பெயரைக் கேட்டால் பரிதாபமாக இருக்கிறது. அவற்றில் எத்தனை நிஜமான அனாதை, எத்தனை நிரலின் பார்வைக் குறையால் ஆனவை என்பதைப் பிரிப்பது கடினமான வேலை.

பீட்டர் பெரூஸியும் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட ‘ராக்ஸ்டார்’, இடத்தோடு வேகத்தையும் சேர்த்து ஆறு எண்களிலும் நெருக்கம் தேடுகிறது. ஒரே இடத்தில் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும் இரண்டு ஹாலோக்கள் வேகத்தில் வெகுதூரம் விலகி இருக்கும் அல்லவா? இப்படி ஆளுக்கொரு நிரல் பெருகிவந்த காலத்திலேயே, அலெக்ஸாண்டர் கினேபே தலைமையில் பலரும் சேர்ந்து ஒரே தரவைப் பல நிரல்களுக்கும் கொடுத்து 2011இல் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். தனித்து நிற்கும் பெரிய ஹாலோக்களில் நிரல்கள் ஏறக்குறைய ஒத்துப்போயின. மையத்துக்கு அருகில் பதுங்கிய சிறியவற்றில் கருத்து பிரிந்தது. விஞ்ஞானிகள் தங்கள் கருவிகளையே வரிசையில் நிறுத்திப் பரிசோதித்த அந்த முயற்சி, புதிய கண்டுபிடிப்பு எதற்கும் குறைந்ததில்லை என்பது என் எண்ணம்.

அண்மைக்கால சிமுலேஷன்கள் கரும்பொருளோடு வாயு, நட்சத்திரங்கள், கருந்துளைகள் எல்லாவற்றையும் சேர்த்தே வளர்க்கின்றன. நட்சத்திரங்களே வந்துவிட்டதால் கேலக்ஸியை அடையாளம் காண்பது சுலபமாகிவிடும் என்று தோன்றும். புதிய சிக்கல்கள்தான் வந்தன. பெரிய கொத்துகளின் நடுவிலுள்ள கேலக்ஸியைச் சுற்றி, எந்தக் கேலக்ஸிக்கும் சொந்தமில்லாத நட்சத்திரங்கள் மங்கலான ஒளியாக நெடுந்தூரம் பரவிக் கிடக்கின்றன. கேலக்ஸி எங்கே முடிந்து அந்த ஒளி எங்கே தொடங்குகிறது? 2015இல் வந்த ‘ஈகிள்’ சிமுலேஷனில், மையத்திலிருந்து சுமார் 98,000 ஒளியாண்டு ஆரத்துக்குள் உள்ள நட்சத்திரங்களை மட்டும் எண்ணுவது என்று வைத்துக்கொண்டார்கள். சிறிய கேலக்ஸிகளில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. மிகப் பெரியவற்றில், ஆரத்தை மாற்றினால் கேலக்ஸியின் நிறையே மாறிவிடும்.

‘இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி’ என்ற சிமுலேஷனின் தரவில் இன்னொரு விசித்திரம். ஒரு கேலக்ஸியின் தட்டிலேயே வாயு திரண்டு கட்டியாகி, அதில் நட்சத்திரங்கள் பிறந்து, அந்தக் கட்டி தன் ஈர்ப்பில் தானே கட்டுண்டு நிற்கிறது. சப்ஃபைண்டின் எல்லா நிபந்தனைகளையும் அது நிறைவேற்றுகிறது. ஆகவே பட்டியலில் தனிக் கேலக்ஸியாக ஏறிவிடுகிறது! ஒரு கேலக்ஸியின் உடம்பிலுள்ள கட்டியை இன்னொரு கேலக்ஸி என்று சொல்ல முடியுமா? தரவை வெளியிட்ட குழு இதை மறைக்கவில்லை. தனியாகப் பிறக்காமல் இன்னொன்றின் உள்ளேயே தோன்றியவை, கரும்பொருள் போதிய அளவு இல்லாதவை ஆகியவற்றைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அடையாளக் குறி வைத்தது. பயன்படுத்துகிறவர்கள் அந்தக் குறியைப் பார்த்து ஒதுக்கிக்கொள்ளலாம். குறியைக் கவனிக்காமல் சிறிய கேலக்ஸிகளை எண்ணினால், இல்லாதவற்றையும் சேர்த்து எண்ணியதாகிவிடும்.

கோயம்புத்தூரில் பிறந்து, இன்று யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் பிரியம்வதா நடராஜன், கரும்பொருளை வரைபடமாக்கும் பணியில் உலகறிந்த பெயர். ஒரு கேலக்ஸிக் கொத்து, தனக்குப் பின்னாலுள்ள தொலைதூரக் கேலக்ஸிகளின் ஒளியை வில்லை போல வளைக்கிறது. கொத்தின் மொத்த நிறையோடு, அதற்குள் பதிந்திருக்கும் ஒவ்வொரு கேலக்ஸியின் சிறு ஹாலோவும் தன் பங்குக்குச் சிறு வில்லையாக வேலை செய்கிறது. அந்த வளைவுகளை அளந்தால் கண்ணுக்குத் தெரியாத ஹாலோவை எடைபோடலாம். மாசிமோ மெனெகெட்டி தலைமையில் அவரும் பங்கேற்ற குழு 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட முடிவு பலரை அதிரவைத்தது: நிஜக் கொத்துகளில் இந்தச் சிறு வில்லைகளின் வீரியம், சிமுலேஷன் கொத்துகளில் கிடைப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். வானிலுள்ள சிறு ஹாலோக்கள், கணினியில் உள்ளவற்றைவிட நடுவில் இறுகிக் கிடக்கின்றன. கரும்பொருளைப் பற்றிய நம் அனுமானம் தவறா, அல்லது சிமுலேஷன் சிறு ஹாலோக்களின் நடுப்பகுதியைச் சரியாக வளர்க்கவில்லையா?

மறு ஆண்டே யானிக் பாஹே, வேறொரு சிமுலேஷனை எடுத்து அதில் முரண்பாடு இல்லை என்று காட்டினார். மெனெகெட்டி குழு 2022இல் பதில் சொன்னது: இறுக்கமான ஹாலோக்களைத் தரும் சிமுலேஷன்களில் பெரிய கேலக்ஸிகள் நிஜத்துக்குப் பொருந்தாத அளவு நட்சத்திரங்களைச் சேர்த்துவைத்திருக்கின்றன, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. வாதம் இன்னும் முடியவில்லை. முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், சிறு ஹாலோ என்று இரண்டு தரப்பும் எதைச் சொல்கிறார்கள், அதன் ஓரத்தை எங்கே வைக்கிறார்கள் என்பது திறந்த புத்தகமாக இருப்பதால்தான் இந்த வாதமே சாத்தியமாயிற்று.

சிமுலேஷனுக்கும் நிஜ வானத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைக் குறைக்க இப்போது பல குழுக்கள் வேறு வழியில் போகின்றன. துகள் பட்டியலில் கோடு கிழிப்பதோடு நிற்காமல், சிமுலேஷனைத் தொலைநோக்கியில் எடுத்த படமாக மாற்றிவிடுகிறார்கள். நட்சத்திரத் துகள்களின் வயதுக்கேற்ற வண்ணத்தைக் கொடுத்து, வழியிலுள்ள தூசு எவ்வளவு ஒளியை விழுங்கும் என்று கணக்கிட்டு, தொலைநோக்கியின் மங்கலையும் வானத்தின் இரைச்சலையும் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். பிறகு நிஜ வானப் படங்களில் கேலக்ஸிகளைப் பிரிக்கும் அதே மென்பொருளை இந்தப் படத்திலும் ஓடவிடுகிறார்கள். கோடு எங்கே விழுந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே விதிப்படி விழும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ‘இல்லஸ்ட்ரிஸ்’ சிமுலேஷனிலுள்ள கேலக்ஸிகளின் இத்தகைய படங்களை ‘கேலக்ஸி ஜூ’ திட்டத்தின் தன்னார்வலர்களிடம் கொடுத்தார்கள். நிஜக் கேலக்ஸிகளின் படங்களுக்குச் சொல்வதைப் போலவே இவற்றின் வடிவத்தையும் கண்ணால் பார்த்து அவர்கள் சொல்ல வேண்டும். இரண்டு தொகுப்புகளும் ஒரேமாதிரி தெரியவில்லை. எந்த நிறையில், எந்த வடிவத்தில் வித்தியாசம் என்று தெரிந்துவிட்டதால், நட்சத்திரப் பிறப்புக்கு சிமுலேஷனில் எழுதியிருந்த விதிகளில் எதைத் திருத்துவது என்று தேட ஆய்வாளர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.